ஒரு வயதுப் பிறந்தநாள்: வேன் பிடித்துத் தென்மலையா, மாந்தோப்பில் கூட்டாஞ்சோறா?

இலஞ்சிவாசி:
மே கடைசி ஞாயிறு பையனுக்கு ஒரு வயது நிறைகிறது. பெரியவர்கள் 17 பேர், பிள்ளைகள் 8 பேர். ஆச்சிக்கு 76 வயது, முழங்கால் வலி. தாய்மாமன் குடும்பம் ஐந்து பேர் புனலூரில். மற்றவர்கள் தென்காசி, இலஞ்சி, கடையநல்லூர் பக்கம். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. காலையில் பண்பொழி திருமலைக் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்பதில் இரண்டு கட்சிக்கும் சம்மதம். அதன் பிறகுதான் சண்டை. ஒரு கட்சி: இரண்டு வேன் பிடித்துப் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துத் தென்மலை, குளத்துப்புழை போய்வருவது, சாப்பாடு கட்டிக்கொண்டு போவது. இன்னொரு கட்சி: கண்ணுபுளிமெட்டுப் பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பில் பம்புசெட்டுக் குளியல், அங்கேயே அடுப்பு மூட்டிக் கூட்டாஞ்சோறு. எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

மேக்கரைமாரி:
தோப்புதான் அண்ணாச்சி, யோசிக்கவே வேண்டாம். செங்கோட்டையிலிருந்து தென்மலை 30 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் புளியரை தாண்டியதும் வளைவுகள், எதிரே சரக்கு லாரி வரிசை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். 25 பேரை ஒரு முறை இறக்கி ஏற்றினால் 20 நிமிடம் போகும். பிள்ளைகளுக்குக் கழிப்பறை, ஆச்சிக்குக் கைத்தாங்கல், யாரோ விட்ட செருப்பு, எல்லாம் சேர்ந்துதான் அந்த 20 நிமிடம். நாலு இடம் பார்த்தால் நாலு இறக்கம், நாலு ஏற்றம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வாசலிலேயே போய்விடும். தென்மலையில் பூங்கா, சிற்பத் தோட்டம் எல்லாம் ஏற்ற இறக்கமும் படியும். 76 வயது முழங்காலுக்கு அது ஆகாது, ஆச்சி வேனுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருப்பார்கள். தோப்பில் ஒரு கயிற்றுக்கட்டில் போட்டால் எல்லாரும் அவர்களைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

புனலூர்த்தமிழன்:
மாரி அண்ணாச்சி சொல்வதில் லாரி விஷயம் உண்மை. ஆனால் அவர் கணக்கில் தாய்மாமன் குடும்பம் எங்கே? அவர்கள் விடியுமுன் கிளம்பி மலையேறி பண்பொழி வரவேண்டும், அதே நாளில் மறுபடி மலையேறித் திரும்பவேண்டும். தென்மலை என்றால் திரும்பும் வழியில் அவர்கள் வீடு பக்கம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரே தரப்பு பயணம் செய்வது நல்லதல்ல.

பிள்ளைகள் பக்கமும் பாருங்கள். செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை 1904-இல் போட்டது, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் முழுதாகத் திறந்தார்கள். கழுதுருட்டியில் அந்தப் பாதையின் பதின்மூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது, வேனை ஓரம் கட்டினால் போதும், ஏறி இறங்கத் தேவையில்லை. குளத்துப்புழை பாலசாஸ்தா கோயில் ஆற்றில் மீன்களுக்கு இரை போடலாம். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை என்பதால் அவை படித்துறை வரை வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? தோப்பில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் கைபேசியைக் கேட்கும்.

இன்னொன்று, அந்தத் தோப்பில் கிணறு எப்படி? தரையோடு தரையாக, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இடமே அல்ல.

சாரல்அக்கா:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். காலையில் காது குத்தி, மதியம் அந்தப் பிள்ளையைப் பம்புசெட்டுத் தொட்டியிலோ கல்லடையாற்றிலோ இறக்குவதா? குத்திய துளை திறந்த காயம். தொட்டித் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் பட்டால் சீழ் கட்ட வாய்ப்பு அதிகம். துளை ஆற ஆறு வாரம் ஆகும். அதுவரை காய்ச்சி ஆறிய தண்ணீரில் லேசாக உப்புப் போட்டு, சுத்தமான பஞ்சால் இரண்டு வேளை ஒற்றினால் போதும். மொட்டையிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். கோயிலில் வெந்நீர் கலந்த நல்ல தண்ணீரில் தலைக்கு ஊற்றுவதோடு அன்றைய குளியல் முடிந்தது என்று வையுங்கள்.

முடி எடுக்கும்போது பிளேடைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். சந்தனம் பூசுவதானால் கட்டையில் உரைத்ததைப் பூசுங்கள், கடையில் வாங்கும் பொடியில் வாசனை கலந்திருந்தால் கீறலில் எரியும். பிறகு தலையை வெயிலில் காட்டக்கூடாது, மெல்லிய பருத்தித் துணித் தொப்பி போதும்.

என் கருத்து: காதுகுத்தைத் தனியாக ஒரு நாள், தாய்மாமன் மடியில், புனலூரில் வையுங்கள். இந்த ஞாயிறு மொட்டையும் சாப்பாடும் மட்டும். புனலூர்த் தம்பி கேட்ட நியாயமும் அதில் தீரும்.

புனலூர்த்தமிழன்:
அக்கா, காதுகுத்தைப் பிரிப்பது பேச நன்றாக இருக்கிறது. இரண்டு விசேஷம் என்றால் இரண்டு சீர், இரண்டு நாள் விடுப்பு, இரண்டு தடவை சாப்பாட்டுச் செலவு. தாய்மாமன் வீட்டுக்குத்தான் அந்தச் சுமை. அதனால்தான் எல்லாரும் ஒரே நாளில் வைக்கிறார்கள். குழந்தையைக் குளிக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. தென்மலை போனால் குளியல் என்ற பேச்சே வராது, தோப்பில் எல்லாரும் குளிக்கும்போது ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது?

இலஞ்சிவாசி:
கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் உண்டு, மேலே கம்பிவலை இல்லை. தொட்டி நாலடி ஆழம். பாலருவியும் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூட்டாஞ்சோற்றுக்கு அளவு யாராவது சொன்னால் நல்லது.

மேக்கரைமாரி:
பாலருவியை நம்பி மே மாதம் திட்டம் போடாதீர்கள். தண்ணீர் வற்றினால் வனத்துறை மூடிவிடும். திறந்திருந்தாலும் சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு அவர்கள் வண்டியில்தான் மேலே போகவேண்டும். 25 பேருக்கு அது இரண்டு மூன்று நடை.

நாலடித் தொட்டி என்றால் அரைவாசி மட்டும் நிரப்புங்கள். இரண்டடித் தண்ணீரே ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு வரும். குழாய் வாயிலிருந்து விழும் தண்ணீருக்கு நேர் கீழே பிள்ளையை நிறுத்தக்கூடாது, அந்த வேகத்தில் கால் வழுக்கும். தொட்டித் தரையில் பாசி இருந்தால் முதல் நாளே தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவதுதான் தோப்புகளில் நடக்கும் மோசமான விபத்து. மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குக் காவல் ஒரு பெரியவர், அரை மணிக்கு ஒருவர் மாற்றி. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாருமே பார்க்கமாட்டார்கள்.

இப்போது கூட்டாஞ்சோறு. 25 பேருக்கு அரிசி இரண்டரைக் கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ. முருங்கைக்காய், கத்தரி, வாழைக்காய், சீனியவரை, உருளை சேர்த்து மூன்று கிலோ. புளிப்பு மாங்காய் இரண்டு, முருங்கைக்கீரை ஆய்ந்தது நாலு கை. அரைக்க: தேங்காய் மூன்று, வற்றல் மிளகாய் 35 (பிள்ளைகள் இல்லாவிட்டால் 50), சீரகம் 30 கிராம், மஞ்சள்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் கால் கிலோ. தாளிக்க இன்னொரு கால் கிலோ வெங்காயம், நல்லெண்ணெய் கால் லிட்டர், வடகம் 100 கிராம். தண்ணீர் 12 முதல் 13 லிட்டர். அரைப்பை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போகாதீர்கள், தேங்காய் வெயிலில் நாலு மணி நேரத்தில் கெட்டுவிடும். மிளகாய், சீரகம், மஞ்சளை மட்டும் வீட்டில் பொடித்துக்கொண்டு, தேங்காயை அங்கே துருவி அம்மியில் தட்டுங்கள். தோப்பு வீட்டில் அம்மி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அரிசி, பருப்பு, காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவிட்டால் முக்கால் மணியில் ஆகிவிடும்.

கடையநல்லூர்ச்சமையல்:
மாரி அண்ணாச்சி, அளவெல்லாம் சரி. கடைசி வரி மட்டும் தப்பு. புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது. புளிப்பு பட்டால் பருப்பும் காயும் விறைத்து நிற்கும், எவ்வளவு விறகு எரித்தாலும் அரைவேக்காடுதான். வரிசை இப்படி: தண்ணீர் கொதித்ததும் பருப்பு மட்டும், கொஞ்சம் மஞ்சளும் ஒரு கரண்டி எண்ணெயும். பருப்பு விரலால் நசுக்கினால் உடையும் அளவு, முக்கால் பதம் வந்ததும் அரிசியும் வாழைக்காய், சீனியவரை, உருளை மாதிரிக் கெட்டிக் காய்களும். அரிசி பாதி வெந்தபின் முருங்கைக்காய், கத்தரி. இரண்டும் வெந்தது என்று பார்த்தபிறகே புளிக்கரைசலும் மாங்காயும் உப்பும். அதன்பின் அரைப்பு, கடைசியில் கீரை. மாங்காய் இரண்டு போடுவதால் புளி 150 கிராம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுக்கும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். சமையலுக்கு நல்ல தண்ணீர் கேன் கொண்டுபோங்கள். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் நல்லது.

அடிப்பிடிப்பதும் இங்கேதான் நடக்கும். அரிசி தண்ணீரை இழுத்து, குமிழி பெரிதாகி "பொளக் பொளக்" என்று சத்தம் வரும்போது எரியும் விறகை வெளியே இழுத்துவிடவேண்டும். மிச்சம் தணலிலேயே வேகட்டும், மூடியின் மேலும் நாலு கங்கு வையுங்கள். சத்தம் வந்தபிறகும் விறகு எரிந்தால் பத்து நிமிடத்தில் அடி கருகி, புகை வாசம் சோறு முழுக்க ஏறிவிடும். அப்போது கிண்டிவிடுவது அதைவிடக் கேடு. கிண்டாமல் மேல் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவேண்டும். வடகத்தைத் தனியாக எண்ணெயில் பொரித்து, கையால் நொறுக்கி, இறக்கியபின் தூவுங்கள். சேர்த்து வேகவைத்தால் மணம் போய்விடும்.

மேக்கரைமாரி:
வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 25 பேருக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய ஒருவர் அடுப்பிலேயே நிற்கவேண்டும். பிள்ளைக்குப் பிறந்தநாள், அம்மாவோ மாமியாரோ புகையில் நிற்கக் கூடாது. ஆண்கள் இரண்டு பேர் பொறுப்பெடுக்கட்டும்.

புனலூர்த்தமிழன்:
அதைத்தான் நான் சொல்ல வந்தேன். கட்டுசோறு என்றால் முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் தயார், காலை ஐந்து மணிக்குச் சோறு. புளிச்சோறு கெடாமல் இருக்க இரண்டு விஷயம்: சோற்றைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிசையவேண்டும், இரண்டரைக் கிலோ அரிசிக்கு நல்லெண்ணெய் 300 மில்லியாவது வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வியர்த்துச் சோற்றில் சொட்டும், மதியம் நீர் விட்டுக்கொள்ளும். வாட்டிய வாழையிலை போட்ட தூக்குச்சட்டிதான் இதற்குச் சரி. தயிர்ச்சோற்றுக்கு ஒரு கிலோ அரிசியைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு லிட்டர், தயிர் இரண்டு கரண்டி. காலை ஆறு மணிக்குப் பிசைந்தால் ஒரு மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். தயிராகவே ஊற்றினால் அதற்குள் புளித்துவிடும். தேங்காய்ச்சோறு, பிரியாணி இரண்டும் கூடாது. சமைத்த கறி ஐந்து டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான்.

தோப்பு ஆட்கள் எல்லாரும் மறக்கும் விஷயம் இடி. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் அபாயம் அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருடா வருடம் சொல்கிறது. மலையடிவாரத்தில் நமக்கும் அதே மேகம்தான். மாமரத்தடியில் 25 பேர் உட்கார்ந்திருக்கும்போது இடி கேட்டால் எங்கே போவீர்கள்?

மேக்கரைமாரி:
மூடிய வேனுக்குள், இல்லையென்றால் கான்கிரீட் கூரை போட்ட தோப்பு வீட்டுக்குள். ஓட்டுக்கொட்டகை கணக்கில் சேராது. மோட்டார் அறை பக்கமும் போகக்கூடாது. 12 மணிக்குப் பந்தி, 2 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்திருக்கவேண்டும். எப்படியும் ஐந்து மணிக்குள் கிளம்பவேண்டிய இடம்தான் அது. மா, பலா பழுக்கும் காலத்தில் அந்தப் பக்கம் இருட்டியதும் யானை இறங்கும்.

தென்மலையில் மட்டும் இடி இடிக்காதா? அணையில் படகில் இருக்கும்போது இடித்தால்?

சாரல்அக்கா:
இரண்டு பேரும் தேதியைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. 2024-இல் மே 30, 2025-இல் மே 24. மே கடைசி ஞாயிறு கோடையாகவும் இருக்கலாம், சாரலாகவும் இருக்கலாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிட்டால் விறகு பற்றாது, தோப்புத் தரை வழுக்கும். மறுபுறம் மலைப்பாதையில் மண் சரியும். சாரல் வந்தால் பிள்ளைகள் குற்றாலம் கேட்பார்கள், அதுவும் எச்சரிக்கையோடுதான். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்த மழை அது. தண்ணீர் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் அடித்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் துணிமணியை எடுக்க நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேறவேண்டும்.

நட்சத்திரம் பார்த்துத்தான் செய்வீர்கள் என்றால், மே முதல் பாதியில் வேறு நல்ல நட்சத்திரம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இலஞ்சிவாசி:
நல்ல நட்சத்திரம் ஒன்று மே 10-ஐ ஒட்டியும் வருகிறது, வீட்டில் பேசுகிறேன். கேக், பலூன், பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் எல்லாம் சித்தப்பா பொறுப்பு. வேனுக்கு என்ன கேட்கவேண்டும்?

புனலூர்த்தமிழன்:
வேனுக்கு முதல் கேள்வி, மஞ்சள் பலகையா? வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். இரண்டாவது, கேரளாவுக்குள் போக அனுமதியும் வரியும் யார் பொறுப்பு, வாடகையில் சேர்த்தியா? இதைப் பேசாமல் போனால் எல்லையில் வண்டி நிற்கும். மூன்றாவது ஆள் கணக்கு. புனலூர்க்காரர் ஐந்து பேர் எதிர்த்திசையிலிருந்து வருவதால் 20 பேர்தான், 12 இருக்கை வேன் இரண்டு தாராளம், பாத்திரத்துக்கும் இடம் இருக்கும். மலைப்பாதையில் வாந்தி வரும் பிள்ளையை முன்வரிசையில், ஜன்னலோரம். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டப் பாலும் ஆகாது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வண்டியில் கைபேசி கொடுக்காதீர்கள், குனிந்து பார்த்தால் குமட்டும். வன வாசலில் பிளாஸ்டிக் பையைச் சோதிப்பார்கள், எவர்சில்வர் தம்ளரும் இலையும் கொண்டுபோங்கள்.

சாரல்அக்கா:
சித்தப்பாவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். தெருவில் அடைக்கும் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம், மெழுகுவர்த்தி அருகே வெடித்துத் தீப்பிடிக்கும், வேனுக்குள் அடைத்து ஏற்றவே கூடாது. நுரை தெளிக்கும் டப்பாவில் இருக்கும் வாயுவும் எரியக்கூடியது, கேக் மெழுகுவர்த்தி எரியும்போது அதை அடித்தால் குழந்தையின் முகத்தில் தீ. சாண்ட்விச்சில் முட்டை மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் தடை செய்ததே அதில் நோய்க்கிருமி பெருகும் அபாயத்தால்தான். கிரீம் கேக் 38 டிகிரியில் அரை மணி நேரம் நிற்காது. வீட்டிலேயே காலையில் வெட்டிவிட்டு வாருங்கள், அங்கே சர்க்கரைப் பொங்கல் வையுங்கள்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு வாங்கி வையுங்கள், ஒரு பெரிய பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். பிள்ளைக்கு ருசிக்காகக் குறைந்த தண்ணீரில் கரைக்கக் கூடாது, உப்பு கூடிப்போகும். வயிற்றுப்போக்கு என்றால் இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். கைக்குழந்தை யாராவது ஆறு மாதத்துக்குள் இருந்தால் வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் கொடுக்கவேண்டாம்.

இலஞ்சிவாசி:
வீட்டில் பேசியாயிற்று. மே 10-ஐ ஒட்டிய ஞாயிறு, பண்பொழியில் மொட்டை, தோப்பில் சாப்பாடு. காதுகுத்து வைகாசி முகூர்த்தத்தில் புனலூரில், நாங்கள் எல்லாரும் அங்கே போகிறோம். அந்தச் செலவில் பாதி எங்களுடையது என்று மச்சினரிடம் சொல்லிவிட்டேன்.

புனலூர்த்தமிழன்:
அப்படியானால் சரி. காதுகுத்துக்கு வரும்போது ரயிலைப் பாருங்கள். சென்னையிலிருந்து கொல்லம் போகும் விரைவு வண்டி விடியற்காலை செங்கோட்டையைத் தாண்டுகிறது, கொல்லத்திலிருந்து நண்பகல் கிளம்புவது பிற்பகல் திரும்புகிறது. நேரம் மாறும், அந்த வாரமே சரிபாருங்கள். ஆச்சிக்குக் கழிப்பறையும் இருக்கும், பிள்ளைகளுக்குச் சுரங்கமும் பாலமும் கிடைக்கும். ஆனால் இந்த ஞாயிறு தோப்பு என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, கிணற்றுக்கு மேல் வலை போடச் சொல்லுங்கள்.

கடையநல்லூர்ச்சமையல்:
வலை இல்லாவிட்டால் தென்னை ஓலைத் தட்டி நம்பி மூடாதீர்கள், மூடியிருப்பதாக நினைத்துப் பிள்ளை ஏறி மிதிக்கும். சுவரைச் சுற்றி ஐந்தடி தள்ளிக் கயிறு கட்டுங்கள், அதற்குள் யாரும் போகக்கூடாது என்று வந்து இறங்கியதுமே சொல்லுங்கள். மாமரத்தில் முசுறு என்ற கடிக்கும் செவ்வெறும்பு இருக்கும், ஜமுக்காளம் விரிக்குமுன் கிளையை அண்ணாந்து பாருங்கள். சமையலுக்கும் குடிக்கவும் 20 லிட்டர் கேன் மூன்று, ஐஸ் போடுவதானால் நாலு. அடுப்பைக் காற்று வரும் திசைக்கு எதிரே ஓரடி குழி வெட்டி வையுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். மே மாதச் சருகு ஒரு கங்குக்கே பற்றும்.